மதுரையிலிருந்து கடற்கரைக் குதிரைச் சவாரி: முதல்முறை ஏறுகிறவர்களுக்கு

மதுரைக்குக் கடல் இல்லை. இருந்தாலும் நான்குவழிச் சாலையில் தூத்துக்குடி இரண்டரை மணி நேரம். ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மூன்று மணி நேரம். லீவு விட்டால் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய்வருகிறவர்கள் ஏராளம். கரையில் ஒரு குதிரையைப் பார்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெரியவர்களுக்கும் ஏறிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். அலை ஓரமாக, வழிகாட்டி கூடவே வர, நிதானமாக நடக்கிற குதிரையின் முதுகில் முக்கால் மணி நேரம் இருப்பது லேசில் மறக்காது. ஆனால் பேரம் பேசி, ஏறி, போட்டோ எடுத்து, பயத்தோடு இறங்கி வருகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. கடலைப் பார்ப்பதற்கு முன்னால் குதிரையைப் பாருங்கள். முதல் சவாரி முழுவதையும் குதிரையை ஓடவிடாமல் நடையிலேயே முடியுங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

எந்த மாதிரிச் சவாரி

மெரினாவில் ஏற்றி, கயிற்றைப் பிடித்து ஒரு சுற்று நடத்தி, இறக்கிவிடுவார்களே, அது ஒரு வகை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே நான் சொல்வது வழிகாட்டியோடு போகும் சவாரி. அவர் இன்னொரு குதிரையில் முன்னால் போவார், அல்லது உங்கள் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். கரையோரமாக ஓரிரு கிலோமீட்டர் போய்த் திரும்புவீர்கள். முதல்முறை என்றால் தலைக்கயிறு அவர் கையில் இருப்பதுதான் நல்லது. கொஞ்ச தூரம் போன பிறகு, உங்கள் உட்காரும் விதத்தைப் பார்த்து அவரே கயிற்றை விடுவார். விடவில்லை என்றால் கேட்காதீர்கள். அவருக்குக் குதிரையின் அன்றைய மனநிலை தெரியும்.

ஊரிலேயே செய்துகொள்ள வேண்டியது

சித்திரைத் திருவிழாவில் தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டத்தில் நின்றிருப்போம். ஆவணி மூலத்தில் நரியைப் பரியாக்கிய லீலை பார்த்திருப்போம். ஊருக்கு ஊர் அய்யனாருக்கு மண்குதிரை எடுத்து வைக்கும் சீமை இது. இப்படிக் குதிரையைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். தொட்டு வளர்ந்தவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் கடற்கரையில் போய் முதன்முதலாகக் குதிரையைத் தொடுவதற்குப் பதிலாக, முன்கூட்டியே ஒருமுறை எங்காவது பக்கத்தில் நின்று பழகிவிடுங்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடும் குதிரைகள் அதற்குப் போதும். ஏறக்கூட வேண்டாம். அதன் உயரம், மூச்சுச் சத்தம், உடம்பின் சூடு, வாசனை எல்லாம் பழக்கமானால் பயம் பாதியாகிவிடும். மதுரைப் பக்கத்தில் சவாரி கற்றுத்தரும் இடத்தில் அடைப்புக்குள் ஒருமணி நேரம் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வேலியடைத்த இடத்தில் குதிரையை நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகு திறந்த வெளிக்குப் போவது பாதுகாப்பு.

உடம்பையும் கொஞ்சம் தயார் செய்ய வேண்டும். குதிரையில் வேலை செய்வது உள்தொடையும் அடிவயிறும்தான். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் அதோடு தினம் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து பழகினால் போதும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். குதிரை நிற்கிற இடத்தில் டெட்டனஸ் கிருமி மண்ணில் இருக்க வாய்ப்பு அதிகம். முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏற வேண்டாம். கர்ப்பிணிகள் ஏறவே வேண்டாம்.

எடையைப் பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாக வைக்கும் கணக்கு. 350 கிலோ குதிரை என்றால் 70 கிலோ. அதில் சேணமே 8, 10 கிலோ போய்விடும். மிச்சம் 60 கிலோ சொச்சம்தான். நம் பக்கம் சவாரிக்கு நிற்கும் குதிரைகள் பல இதைவிடச் சின்னவை. எண்பது கிலோ ஆள், பெரிய குதிரை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும். இல்லை என்றால் அன்றைக்குக் கரையில் நடந்துவிட்டு வரலாம். அப்பாவும் பிள்ளையும் ஒரே குதிரையில் ஏறுவதை எந்த நல்ல குதிரைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எந்த மாதம், எந்தக் கரை, எந்த நேரம்

தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். அப்போது யோசிக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசி என்றால் வெயில்தான் எதிரி. ஆளுக்கு மட்டுமில்லை. நாம் தொப்பி போட்டு இளநீர் குடித்துச் சமாளித்துவிடுவோம், சுமக்கிற ஜீவனுக்குத்தான் கஷ்டம்.

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி, ஆவணியில் தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். வாடைக் காற்று வந்தால் நிலைமை தலைகீழ். ஆகவே ஒரே நாளில் ஒரு கரை சவாரிக்குத் தோதாகவும் இன்னொரு கரை ஆகாததாகவும் இருக்கலாம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் உள்ள அரியமான் வடக்குக் கரை. சவுக்குத் தோப்பும் தாழ்ந்த அலையுமாக இருக்கும். தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு எல்லாம் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியின் மணல்திட்டில் இரண்டு கடலையும் ஒருசேரப் பார்க்கலாம். ஆனால் அங்கே மணல் பல இடங்களில் இளகலாக இருக்கும், நீரோட்டமும் வலுவாக இருக்கும். முதல் சவாரிக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும். ஒரு நாளில் கடல்மட்டத்துக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் தென்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். இருந்தாலும் சரிவு குறைந்த கரையில் அந்தக் கொஞ்ச வித்தியாசமே நடக்கத் தோதான ஈர மணலைத் திறந்துகாட்டிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் இன்னும் கீழே இறங்கும். குதிரைக்கு வேண்டியது அந்த ஈர மணல்தான். காய்ந்த இளகிய மணலில் குளம்பு ஆழமாகப் புதையும். ஒவ்வொரு அடிக்கும் அதைப் பிடுங்கி எடுக்கும்போது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் இழுபடும். ஒருமுறை அது கிழிந்துவிட்டால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஈர மணலில் உங்கள் காலடி பதிந்து, ஆனால் உள்ளே போகாமல் இருந்தால் அது சரியான தரை. காலை ஊன்றியதும் தண்ணீர் ஊறி சொதசொதவென்று ஆனால் அங்கே குதிரையை விடக் கூடாது. பாக் நீரிணைப் பக்கம் சேறு கலந்த இடங்கள் உண்டு. குதிரையின் கால் அதில் இறங்கினால் அது மிரளும்.

காலை ஆறிலிருந்து எட்டு, இல்லாவிட்டால் மாலை நாலரைக்கு மேல். வற்றம் இந்த நேரத்தோடு சேர்ந்து வரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முதல்நாள் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதை வெளியிடும். நம் மாவட்டச் செய்திகளிலும் வந்துவிடும். காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே தூரத்துக் கடலில் எழுந்த அலை திடீரென்று கரையேறுவதுதான் கள்ளக்கடல். அந்த எச்சரிக்கை இருந்தால் சவாரியைத் தள்ளிப்போடுங்கள். காலைச் சவாரி என்றால் முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிடுவது உத்தமம். மூன்று மணிக்கு எழுந்து வண்டி ஓட்டி, தூக்கம் கெட்ட கண்ணோடு குதிரையில் ஏறுவது நல்லதில்லை.

போனில் கேட்க வேண்டியவை

போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். சவாரி நடத்துகிறவரிடம் முன்கூட்டியே பேசி, அன்றைக்குக் குதிரை இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெல்மெட் தருவார்களா, வழிகாட்டி குதிரையில் வருவாரா நடந்து வருவாரா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அந்தக் குதிரை அன்றைக்கு எத்தனையாவது சவாரி போகும், பணம் தூரத்துக்கா நேரத்துக்கா என்று கேளுங்கள். நேரத்துக்குக் கணக்கு வைப்பவரே நல்லது. சுற்றுக்குக் கணக்கு என்றால் சீக்கிரம் முடித்து அடுத்த ஆளை ஏற்ற வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். குதிரை அந்தக் கடற்கரையிலேயே பழகியதா என்பது முக்கியமான கேள்வி. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரை வெடிச் சத்தத்துக்குப் பழகியிருக்கும்; அலைக்குப் பழகியிருக்க வேண்டும் என்றில்லை.

அவர் உங்களிடம் எடை, வயது, முன் அனுபவம் எதையும் விசாரிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

உடுப்பும் பையும்

தொடை உரசாத முழுக்கால் பேன்ட். மெல்லிய லெக்கின்ஸ் மட்டும் போட்டால் அங்கவடி (பாதம் வைக்கிற வளையம்) தொங்கும் வார் கெண்டைக்கால் தோலை உரித்துவிடும். சேலை, வேட்டி, பறக்கிற துப்பட்டா வேண்டாம். செருப்பு வேண்டவே வேண்டாம். விரலையும் குதிகாலையும் மூடிய ஷூ, அரை அங்குலமாவது குதிகால் உயர்ந்தது. அந்தக் குதி இருந்தால்தான் பாதம் அங்கவடிக்குள் நழுவிப் போய் மாட்டிக்கொள்ளாது. கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தோளில் பை தொங்க வேண்டாம். போன் ஜிப் வைத்த பாக்கெட்டில் இருக்கட்டும். சவாரி நேரத்தில் அதைக் கையில் எடுக்க வேண்டாம், போட்டோவை நிற்கும்போது வழிகாட்டி எடுத்துத் தருவார். சாப்பாடு இரண்டு இட்லியோடு நிற்கட்டும். கறிதோசையைத் திரும்பி வந்து மதுரையில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

குதிரையைப் பார்ப்பது

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடைசியில் அவசரப்பட வேண்டாம் என்பதற்காகக் குறித்த நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள்.

ராமநாதபுரம் கரையில் ஒரு குதிரைக்காரப் பெரியவர் சவாரிக்கு முன்னால் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குதிரையின் தோளில் ஒரு கையை வைப்பார். அந்தக் கையை எடுக்காமலே முன்னங்கால் வழியாகக் கீழே வழித்துக்கொண்டு போவார். கணுக்கால் பக்கம் வந்ததும் லேசாகக் கிள்ளுவார். குதிரை தானாகக் காலைத் தூக்கிக் கொடுக்கும். குளம்பின் அடியில் அடைந்திருந்த ஈர மணலை வளைந்த இரும்பு முனையால் சுரண்டி எடுத்தார். நடுவில் இருக்கும் மிருதுவான முக்கோணச் சதையின் ஓரத்திலிருந்து உடைந்த சிப்பித்துண்டு ஒன்று வந்தது. அதை மணலில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அதே இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, குதிரை காலை இழுக்கிறதா என்று பார்த்தார். நான்கு காலுக்கும் இதே மாதிரி. “இவ காதப் பாருங்க தம்பி,” என்றார் எழுந்துகொண்டே. “காது எந்தப் பக்கம் போகுதோ, மனசும் அந்தப் பக்கந்தான்.”

அது அத்தனையும் உண்மை. காது இரண்டும் தளர்வாகப் பக்கவாட்டில் இருந்தால் குதிரை நிம்மதியாக இருக்கிறது. முன்னால் விறைத்து நின்றால் எதையோ கவனிக்கிறது. பின்னால் ஒட்டப் படுத்துவிட்டால் கோபம் அல்லது வலி, கிட்டே போகாதீர்கள். மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளுக்குக் காது நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும், அது பிறவி அழகு.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. கண் தெளிவாக இருக்கிறதா. வாயின் ஓரங்களில் கடிவாளம் அறுத்த புண் இருக்கிறதா. சேணம் போடுவதற்கு முன் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். பிடரி முடிகிற மேட்டிலும், சேணத்தை இறுக்கிக் கட்டும் வயிற்றுவார் படும் இடத்திலும் ரோமம் உதிர்ந்து பச்சைப் புண் இருந்தால் அந்தக் குதிரையில் ஏறாதீர்கள். விலா எலும்பு எண்ணுகிற மாதிரித் தெரியக் கூடாது. நாலடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். காலடி எடுத்து வைக்கும்போது தலை ஒவ்வொரு முறையும் மேலே துள்ளினால் முன்னங்காலில் வலி. சும்மா நிற்கிற நல்ல குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவைதான் மூச்சு விடும். நிழலில் நின்றும் விலா வேகமாக ஏறி இறங்கினால் அதற்கு ஓய்வு பத்தவில்லை.

கடைசியாக, பக்கத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். குடிப்பதற்கும், சவாரி முடிந்து காலைக் கழுவுவதற்கும். உப்பு காய்ந்தால் குதிரையின் தோல் அரிக்கும், சேணத்தின் தோல் வெடிக்கும், வாரின் வளையம் துருப்பிடிக்கும். ஒரு டிரம் நன்னீர் வைத்திருக்கிற குதிரைக்காரர் மற்ற எல்லாவற்றையும் கவனிப்பவராகத்தான் இருப்பார்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று தோன்றலாம். பாண்டியர் காலத்திலேயே இந்தக் கரைக்குக் குதிரை கடல் வழியாகத்தான் வந்தது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கப் பொன் கொடுத்தனுப்பிய அமைச்சர்தான் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் இறங்குவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் சொல்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததுதான் காரணம் என்கிறார். அந்த எண்ணிக்கை எப்படியிருந்தாலும், இந்த வெக்கையில் குதிரை வைத்துக் காப்பாற்றுவது தனி வித்தை. அது தெரிந்த ஆளிடம்தான் நம் பணம் போய்ச் சேர வேண்டும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் குதிரைக்கும் பொருந்தும். ஆனால் கரையில் தினம் தினம் நின்று பார்ப்பது சட்டம் கிடையாது, ஏறுகிற நீங்கள்தான். புண்ணோடு இருக்கும் குதிரையை நான்கு பேர் வேண்டாம் என்று சொன்னால் ஐந்தாம் நாள் அதற்கு ஓய்வு கிடைக்கும்.

ஏறுவது

முதலில் இடதுதோள் பக்கமாக, குதிரையின் கண்ணில் படும்படி, பேசிக்கொண்டே கிட்டே போங்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. பின்பக்கமாகச் சுற்றிப் போகவே போகாதீர்கள். கழுத்தில் கை வைத்துத் தடவுங்கள். மூக்கைத் தட்ட வேண்டாம், பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, குதிரைக்குப் பிடிக்காது.

ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையை இறுக்குங்கள். வயிற்றுவாருக்கும் குதிரையின் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். அங்கவடி நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடி வார் தொடங்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடியின் அடி உங்கள் அக்குளுக்கு வர வேண்டும்.

ஏறுவதற்கு ஒரு மேடை, முக்காலி, எதையாவது கேளுங்கள். தரையிலிருந்து எக்கி ஏறினால் உங்கள் முழு எடையும் குதிரையின் முதுகை ஒரு பக்கமாக இழுக்கும். இடது கையில் லகானோடு கொஞ்சம் பிடரி மயிரையும் சேர்த்துப் பிடியுங்கள். பிடரியைப் பிடித்தால் அதற்கு வலிக்காது, லகானை இழுத்தால் வாய் வலிக்கும். இடது பாதத்தை அங்கவடியில் வைத்து, எழும்பி, வலது காலைக் குதிரையின் பிட்டத்தில் படாமல் சுழற்றி, மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழ வேண்டாம். நீங்கள் ஏறும் நேரம் வழிகாட்டி வலதுபக்க அங்கவடியை அழுத்திப் பிடித்துக்கொண்டால் சேணம் நழுவாது.

உட்கார்ந்ததும் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில், குதிகால் கீழே. முட்டியால் குதிரையைக் கவ்வ வேண்டாம். பயத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கவ்வக் கவ்வ உடம்பு மேலே எழும்பும். லகானைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இறுக்கத்தில் பிடியுங்கள். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விழுந்தால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நடை

கிளம்ப, மூச்சை இழுத்து நிமிர்ந்து, இரண்டு கெண்டைக்காலாலும் லேசாக அழுத்துங்கள். திரும்ப, போகவேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பி, அந்தப் பக்க லகானைக் கொஞ்சம் வெளியே திறந்து காட்டுங்கள். நிற்க, மூச்சை விட்டுக் கனமாக உட்கார்ந்து, லகானை மெல்லப் பிடித்து, நின்றதும் தளர்த்திவிடுங்கள். தளர்த்துவதுதான் அதற்கு நன்றி சொல்வது. இந்த மூன்றையும் மணலில் ஏறிய இடத்திலேயே சில தடவை செய்து பாருங்கள். பத்து நிமிடம் போனதும் வயிற்றுவாரை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பி வைத்திருந்த குதிரை இப்போது தளர்ந்திருக்கும், வாரும் தளர்ந்திருக்கும்.

தொழுவத்திலிருந்து கரைக்குப் போகும் பாதையில் சீமைக்கருவேல முள்ளைப் பாருங்கள். ராமநாதபுரத்துப் பக்கம் இது எங்கும் உண்டு. கரையில் பார்க்க வேண்டியது கயிறு. கரைவலை இழுக்கிற காலை நேரத்தில் கடலிலிருந்து மணல்மேடு வரை வடம் நீளமாகக் கிடக்கும், இழுக்க இழுக்க விறைத்து எழும்பும். குதிரை அதைத் தாண்டக் கூடாது. இழுப்பவர்களுக்கு மேல்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். இடமில்லை என்றால் அவர்கள் முடிக்கும் வரை நிற்க வேண்டும். கரை அவர்களுக்குத் தொழில் செய்யும் இடம், நாம் விருந்தாளிகள். “அண்ணே, போகலாமா?” என்று கேட்டால் கையசைத்து வழி காட்டுவார்கள். கருவாடு காயும் இடத்தையும் வலை விரித்த இடத்தையும் விட்டு விலகியே போங்கள். நண்டு வளை நிறைந்த மேல்மணலில் குதிரையின் கால் இறங்கும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். அவை அலை எட்டாத காய்ந்த மணலில்தான் குழி தோண்டும். ஈர மணலோடு நின்றுகொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன்னால் போகும் குதிரைக்கும் உங்களுக்கும் இடையே ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் கத்தாதீர்கள். வழிகாட்டி பார்த்துக்கொள்வார்.

குதிரை சட்டென்று ஓட ஆரம்பித்தால்? சாதாரண நடை மணிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும், ட்ராட் என்கிற துள்ளோட்டம் என்றால் இரட்டிப்பு. அந்த வித்தியாசமே முதல்முறைக்காரர்களைப் பதறவைக்கும். முன்னால் குனியாதீர்கள். பின்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி, ஒரு பக்க லகானை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பெரிய வட்டமாகத் திருப்புங்கள், மேட்டுப்பக்கக் காய்ந்த மணலை நோக்கி. அந்த மணலில் வேகம் தானாகக் குறையும். பெரும்பாலும் இது திரும்பி வரும்போதுதான் நடக்கும். வீட்டுப் பக்கம் முகம் திரும்பியதும் எல்லாக் குதிரைக்கும் கால் வேகமாகும். ஆகவே திரும்பும் வழியில் ஒரு அடிகூட ஓடவிடக் கூடாது. “கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க” என்று கேட்கவும் கூடாது.

அலையில் இறங்குவது

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். வழிகாட்டி சரி என்றால் மட்டும், அலை ஓயும் இடைவெளியில், குளம்பு நனையும் அளவுக்குப் போகலாம். எந்த அலையிலும் தண்ணீர் குதிரையின் முழங்காலுக்கு மேல் வர வேண்டாம். அலை பின்வாங்கும்போது கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கும் தலை சுற்றும், குதிரையும் பக்கவாட்டில் நகரும். தொடுவானத்தைப் பாருங்கள். கடலுக்கு நேர் முகமாக நிற்பதைவிடச் சாய்வாகப் போவது குதிரைக்குத் தைரியம் தரும்.

ஒன்றை மறக்கவே கூடாது. தண்ணீரில் நின்ற குதிரை முன்னங்காலால் தண்ணீரைத் திரும்பத் திரும்ப அடித்துத் தெறிக்கவிட்டால், விளையாடுகிறது என்று ரசித்துக்கொண்டு இருக்காதீர்கள். அடுத்தது படுத்துப் புரளப்போகிறது. உடனே கெண்டைக்காலால் அழுத்தி முன்னால் நடத்துங்கள். நகர்ந்துவிட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

பிள்ளைகள்

ஹெல்மெட் பொருந்தாத வயதுப் பிள்ளை ஏறக் கூடாது. பொருந்தினாலும் கயிறு கடைசி வரை பெரியவர் கையில். பக்கத்தில் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். அழுகிற பிள்ளையை “பயப்படாத, ஏறு” என்று தூக்கி வைக்காதீர்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள், கழுத்தைத் தடவச் சொல்லுங்கள். அன்றைக்கு அது போதும்.

இறங்கியதும்

இரண்டு பாதத்தையும் அங்கவடியிலிருந்து எடுத்த பிறகே இறங்க வேண்டும். முன்னால் சாய்ந்து, வலது காலைச் சுழற்றி, வயிறு சேணத்தில் படச் சறுக்கி, முட்டியை மடக்கித் தரையைத் தொடுங்கள். கால் கொஞ்சம் நடுங்கும். சேணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு வார் தளர்த்துவதையும், நன்னீரால் காலும் அடிவயிறும் கழுவுவதையும் கிட்ட நின்று பாருங்கள், விடுவாரென்றால் வாளியைத் தூக்கிக் கொடுங்கள். குதிரைக்குத் தின்ன ஏதாவது கொடுக்க ஆசையாக இருந்தால் குதிரைக்காரரைக் கேட்டுவிட்டு, கேரட்டை நீளவாக்கில் வெட்டி, விரல்களை ஒட்டி விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். பிஸ்கட், மிக்சர் எல்லாம் வேண்டாம். சொன்ன பணத்தோடு, குதிரையை நன்றாக வைத்திருப்பதற்காக என்று சொல்லியே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் உள்தொடை பிடித்துக்கொள்ளும், மாடிப்படி இறங்க முடியாது. வெந்நீர் ஊற்றி, மெதுவாக நடந்தால் இரண்டு நாளில் விட்டுவிடும். முட்டியிலோ நடுமுதுகிலோ குத்துகிற வலி இருந்தால் அது வேறு, டாக்டரிடம் காட்டுங்கள். தொடை வலி போன பிறகு மறுபடி போக ஆசை வந்தால் அதே கரை, அதே குதிரைக்காரர், முடிந்தால் அதே குதிரை என்று கேளுங்கள். ட்ராட் கற்றுக்கொள்வதைக் கடற்கரையில் ஆரம்பிக்காமல், முதலில் மதுரையில் ஒரு அடைப்புக்குள் பழகிவிட்டுப் போங்கள்.